வாசகர் கேள்வி – பதில்: பந்துன் ஏன் பிடிபடவில்லை?

கேள்வி: தோட்ட மண்டபத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். தமிழ்ப்பள்ளி முடித்துப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளைகள் மலாய் நன்றாகப் பேசுகிறார்கள். பந்துன் என்ற மலாய் மரபுப் பாட்டு என்றால் மட்டும், எல்லாச் சொல்லுக்கும் அகராதி பார்த்தும் பொருள் சொல்லத் திணறுகிறார்கள். ஏன்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதலடியிலிருந்தே பொருள் கோக்கப் பார்க்கிறார்கள். நாலடிப் பந்துனில் முன்னிரண்டடி ‘பெம்பாயாங்’, அதாவது பின்னடிகளின் ஒலிக்கு முன்னோட்டம். கருத்து பின்னிரண்டடியான ‘மக்சுட்’டில்தான். பலரும் அறிந்த பழம்பந்துன் ஒன்று:

புலாவ் பண்டான் ஜாவோ கெ தெங்ஙா,
குனோங் டாயிக் பெர்ச்சாபாங் தீகா;
ஹன்ச்சூர் பாடான் டிகண்டோங் தானா,
பூடி யாங் பாயிக் டிகெனாங் ஜூகா.

அகராதியை மூடிவிட்டு, கைதட்டியபடி மூன்று முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அடிக்கு 8 முதல் 12 ஒலித்துண்டுகள் வரும். இதில் 9, 9, 9, 10. நம் நேர், நிரைக் கணக்கு இங்கே செல்லாது. தமிழில் பழகிய காது அடியின் தொடக்கத்தில் எதுகை தேடும். பந்துனிலோ ஒலி பொருந்துவது அடியின் கடைசியில்: ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும். இந்தப் பந்துனில் அடியின் உள்ளேயும் பண்டான் – பாடான், டாயிக் – பாயிக் என்று பொருந்துகிறது. அழகான வேலைப்பாடு! டாயிக் மலை (‘குனோங் டாயிக்’) இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் லிங்காவில் உண்மையாகவே இருக்கிறது; ஆனால் அது இங்கே வந்ததற்கு ‘பாயிக்’ ஒரு முக்கியக் காரணம்.

இனி பின்னிரண்டடி. இங்கே மூன்று இடங்களில் தடுக்கும். ‘டிகண்டோங்’, ‘டிகெனாங்’ இரண்டையும் அகராதியில் அப்படியே தேடக் கூடாது. ‘டி’யை நீக்கி கண்டோங், கெனாங் என்ற வேர்ச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஹன்ச்சூர் பாடான்’ என்பதில் வினை முன்னால் நிற்கிறது. பெயரை முதலில் வைத்துப் படிக்கட்டும். பிள்ளைகளை அதிகம் குழப்புவது மூன்றாவது: ‘வலாவ்புன்’ (‘ஆனாலும்’) என்ற இணைப்புச்சொல் பாட்டில் இல்லை, நாம்தான் சேர்க்க வேண்டும். கடைசியிலுள்ள ‘ஜூகா’ (‘அப்போதும்’) அதற்குத் துப்பு. சேர்த்துவிட்டால், உடல் மண்ணுக்குள் சிதைந்தாலும் செய்த நன்மை நினைக்கப்படும் என்பது தெளிவாகிவிடும்.

அதன்பிறகு முன்னிரண்டடிக்குத் திரும்புங்கள். அசையாமல் நிற்கும் மலை, அழியாத நன்மைக்குச் சாடையாகப் பொருந்துகிறது என்பது எங்கள் எண்ணம். எல்லாப் பந்துனிலும் இப்படிப் பொருத்தம் கிடைக்காது. வலிந்து தேட வேண்டாம்.

கேள்வி: சியாயிர் என்ற இன்னொரு மலாய்ப் பாட்டு வகைக்கும் இதே வழிதானா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. அதில் நாலடிக்கும் ஒரே இறுதியொலி, நாலிலும் பொருள் உண்டு. பெரும்பாலும் ஒரு கண்ணியின் செய்தி அடுத்த கண்ணிக்கும் நீளும். அதனால் முதலடியிலிருந்தே வரிசையாகப் படியுங்கள். இரண்டு மூன்று கண்ணி முடிந்த பிறகே பொருள் எழுதச் சொல்லுங்கள்.