பழைய சேர்வரில் லினக்ஸ் போட்டேன், 'நியூமா அமைப்பு கிடைக்கவில்லை' என்று எச்சரிக்கை வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

நியூமா என்பது எந்த நினைவகம் (றாம்) எந்தப் புரொசசருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஏற்பாடு. ஒரு புரொசசர் மட்டும் உள்ள மெஷின் என்றால் விடலாம். இரண்டு இருந்தால் விடாதீர்கள். நான் ஐந்து மாதம் விட்டுவைத்துப் பிள்ளைகளை அலைக்கழித்தவன், அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் 'பழைய சேர்வர்' என்கிறீர்கள். கொழும்பில் ஏதோ கொம்பனி கழித்துவிட்ட இரண்டு சொக்கெற் (புரொசசர் பொருத்தும் இடம்) உள்ள மெஷினாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்களுடையதும் அதுதான். பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு மாலைநேரக் கல்வி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறேன். 2023 இல் வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச்சனம் காசு சேர்த்து அனுப்ப, இன்ரெல் சியோன் 5600 வரிசைப் புரொசசர் இரண்டும் 4 ஜிபி றாம் எட்டும் உள்ள ஒரு சேர்வரை வாங்கினோம். அதில் இரண்டு மெய்நிகர் மெஷின், அதாவது ஒரே சேர்வருக்குள் மென்பொருளால் பிரித்த இரண்டு தனிக் கணினிகள். ஒன்றில் பரீட்சை நடத்துகிற மூடில் மென்பொருள், மற்றதில் பாட வீடியோக்கள்.

தனியாக இருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடும். முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் விடையை அழுத்தினால் திரை அப்படியே நின்றுவிடும். ஒரு பிள்ளை 'சேர், நான் எழுதினது போட்டுதோ?' என்று கண் கலங்கிக் கேட்டது இன்னும் மனதில் நிற்கிறது. நான் வயரை மாற்றினேன், சுவிட்சை மாற்றினேன், ஹார்ட்டிஸ்க்கை மாற்றினேன். பின்னேரத்தில் எங்கள் பக்கம் கரண்டின் வோல்ற்றேஜ் விழும், அதுதான் காரணம் என்று யூபிஎஸ்ஸைக்கூட மாற்றினேன். பூட் ஆகும்போது ஓடுகிற வரிகளில் 'நியூமா அமைப்பு கிடைக்கவில்லை, ஒரு போலி நோட் உருவாக்கப்படுகிறது' என்று இருந்ததை முதல் நாளே பார்த்திருந்தேன். (நோட் என்றால் ஒரு புரொசசரும் அதன் பக்கத்து றாமும் சேர்ந்த கூறு.) தேடிப்பார்த்தபோது 'எல்லா லப்டொப்பிலும் வருகிறதுதான், பேசாமல் இருங்கள்' என்று எழுதியிருந்தார்கள். லப்டொப்புக்கு அது உண்மை. எங்கள் மெஷின் லப்டொப் இல்லை என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். முந்தி இரண்டு புரொசசரும் ஒரே பாதையால் ஒரே நினைவகத்தைப் பாவித்தன. 2003 இல் ஏஎம்டி ஒப்ரெரொன் வந்தபோதும், 2009 இல் இன்ரெல் சியோன் 5500 வந்தபோதும் இது மாறியது. ஒவ்வொரு புரொசசருக்கும் தன் பக்கத்திலேயே சொந்த றாம். மற்றதின் றாமையும் எடுக்கலாம், ஆனால் இடையிலுள்ள இணைப்பைக் கடந்துபோய் எடுக்க வேண்டும், நேரம் கூடப் பிடிக்கும். எந்த றாம் எந்தப் புரொசசருடையது என்பதை லினக்ஸ் பொதுவாக பயோஸ் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடுகிற, போர்ட்டிலேயே உள்ள மென்பொருள்) சொல்லித்தான் அறியும். அதற்கென்று ஏசிபிஐயில், அதாவது பயோஸ் வன்பொருள் விபரத்தை லினக்ஸுக்குக் கொடுக்கிற முறையில், இரண்டு அட்டவணைகள் உண்டு. எஸ்ராட் என்பது யார் யாரோடு என்று சொல்லும். ஸ்லிட் என்பது தூரத்தைச் சொல்லும், தன் வீட்டுக்குள் என்றால் 10. எஸ்ராட் வராவிட்டால் லினக்ஸ், குடும்பப் பதிவு இல்லாமல் நிவாரணம் கொடுக்க வந்த அதிகாரி மாதிரி. பூநகரிக்காரரையும் நெடுங்கேணிக்காரரையும் ஒரே ஊரென்று நினைத்து ஒரே வரிசையில் விட்டுவிடும்.

ஒரு ஞாயிறு இரவு சேர்வரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எங்கள் கிரவல் றோட்டின் செந்தூசி, விசிறிகளில் கட்டியாகப் படிந்திருந்தது. பெயின்ற் தூரிகையால் தட்டித் துடைத்து, றாம் இரண்டு பக்கமும் நாலு நாலாக இருக்கிறதா என்று எண்ணினேன். சரியாக இருந்தது. பிறகு பயோஸுக்குள் போய் நினைவகப் பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசித்தேன். 'நோட் இன்ரர்லீவிங்: எனேபிள்ட்' என்று இருந்தது. முந்தி வைத்திருந்தவர்கள் ஏன் போட்டார்களோ தெரியாது. அது போட்டிருந்தால் பயோஸ் இரண்டு பக்க றாமையும் மாறி மாறிக் கோர்த்து ஒன்றாகக் காட்டும், எஸ்ராட் அட்டவணையைக் கொடுக்காது. நினைவகத்துக்குப் போகிற வேலையில் ஏறக்குறையப் பாதி எப்போதும் மற்றப் பக்கத்துக்குத்தான் போகும்.

அதை நிறுத்திவிட்டு பூட் செய்தேன். நோட் 0, நோட் 1, தூரம் 10, 20 என்று வந்தது. மூடிலை ஒரு நோட்டிலும் வீடியோவை மற்றதிலும் கட்டிவைத்தேன், அதாவது அந்தந்த நோட்டின் புரொசசரையும் றாமையும் மட்டும் பாவிக்கச் செய்தேன். அடுத்த பரீட்சையில் திரை நிற்கவில்லை.

இப்போது சிலர் வருவார்கள்: 'நியூமாவால் அவ்வளவு வித்தியாசம் வராது, நீ தூசி துடைத்ததால்தான் திருந்தியது.' செற்றிங்கைத் திரும்பப் பழையபடி போட்டு, துடைத்த மெஷினிலேயே ஒரு கிழமை ஓட்டிப் பார்த்தேன். திரும்பவும் நின்றது. எல்லா வேலைக்கும் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நான் சொல்லவில்லை. வெறும் கோப்புப் பகிர்வுக்கு என்றால் உங்களுக்குத் தெரியவே தெரியாமல் போகலாம்.

றாம் என்றதும் இதையும் சொல்லவேண்டி இருக்கிறது. எட்டில் ஒன்று பிறகு பழுதானது. கொழும்புக் கடை ஒன்றில் சொல்லி எடுத்தோம், வந்ததும் பழுது. திருப்பி அனுப்புகிறோம் என்றால் 'வன்னிக்கு அனுப்பினதுக்கு வாறன்ரி இல்லை, நேரில் கொண்டு வாங்கோ' என்கிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல், இரவு பஸ், ஒரு நாள் சம்பளம், விரல் நீளமான ஒரு துண்டுக்கு. அதே கடை கண்டிக்கு கூரியரில் மாற்றிக் கொடுக்கிறது, விசாரித்துத்தான் சொல்கிறேன். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு, ஜெனரேற்றர் கரண்டில்தான் நான் முதன்முதல் கணினியைத் தொட்டேன். பாதை திறந்து இவ்வளவு காலமாகியும் எங்களைத் தூரத்துச் சனமாகவே வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் பூட் வரியில் (லினக்ஸ் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கிற கட்டளை வரியில்) 'ஏசிபிஐ ஓஃப்' அல்லது 'நியூமா ஓஃப்' என்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா பாருங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். பிறகு பயோஸில் அந்த இன்ரர்லீவிங். பிறகு றாம் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து பாருங்கள். அப்படியிருந்தால் ஒரு நோட் வெறுமையாகத்தான் வரும். கடைசியாக பயோஸைப் புதுப்பித்துப் பாருங்கள்.

இன்னொன்று. முதல் எச்சரிக்கை போனதும் புதிதாக ஒன்று வரலாம்: பிசிஐ பஸ்ஸின் (நெற்வேர்க் அட்டை போன்றவை இணைகிற பாதையின்) நியூமா நோட் தெரியவில்லை, வேகம் குறையும் என்று. நான் பயந்துபோனேன். நோட் ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) இதைச் சொல்லும், அதனால் முந்தி மறைந்திருந்தது. எங்கள் மெஷினில் நெற்வேர்க் அட்டை தொங்குகிற ஐ/ஓ சிப் ஒன்றே ஒன்று, இரண்டு புரொசசரோடும் நேரே இணைந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று சொன்னாலும் ஒன்றுதான், விட்டுவிட்டேன். உங்களுடையது 2012 இல் வந்த சியோன் ஈ5-2600 என்றால் அப்படி விட முடியாது. அதில் பிசிஐ பாதைகள் ஒவ்வொரு புரொசசருக்குள்ளிருந்தே வெளிவருகின்றன. அட்டை எந்தச் சொக்கெற்றின் ஸ்லொட்டில் இருக்கிறதென்று போர்ட்டின் கையேட்டில் பார்த்து, சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் வன்பொருள் விபரங்களைக் கோப்புகளாகக் காட்டுகிற இடத்தில்) அந்த அட்டையின் 'நியூமா நோட்' கோப்பில் 0 அல்லது 1 எழுதுங்கள். தயாரிப்பாளரிடம் புதுப்பிப்புக் கேள் என்று கெர்னல் ஒரு வரி எழுதும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புரொசசர் எது என்று கீழே எழுதினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.