வாசகர் கேள்வி பதில்: எழுத்துக்கு முன்பே தொடங்கும் வாசிப்பு

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணவர் பைபர் படகில் கடலுக்குப் போகிறார். மகளுக்கு மூன்று வயது. அண்மையில் ஒரு பெற்றோர் கூட்டத்தில், வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகள் மூன்று வயதுக்குள் 3 கோடி சொற்களைக் குறைவாகக் கேட்கிறார்கள், அதனால்தான் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. எங்கள் வீட்டில் புத்தகமே கிடையாது. என் மகள் இப்போதே பின்தங்கிவிட்டாளா?
– ஒரு தாய், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: இல்லை, அம்மா. உங்களை இவ்வளவு வருத்திய அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கேன்சஸ் நகரில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 42 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை மாதம் ஒரு மணி நேரம் வீதம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் பதிவு செய்து, அதிலிருந்து பெருக்கிப் பார்த்த தொகையை 1995-இல் நூலாக வெளியிட்டார்கள். அந்த 42-இல் அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஆறே ஆறு. 2018-இல் வேறு ஆய்வாளர்கள், தாயின் பேச்சோடு நில்லாமல் பாட்டி, அண்ணன், அக்கா என்று குழந்தையைச் சுற்றியிருப்போர் பேசுவதையும் சேர்த்து எண்ணியபோது அந்தப் பெரிய இடைவெளி தென்படவில்லை. வீட்டுக்குள் இருப்பதைவிடத் தெருவில் அதிக நேரம் இருக்கும் உங்கள் ஊர்க் குழந்தைக்கு எந்த எண்ணும் முறை பொருந்தும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால், வீட்டுப் பேச்சுக்கும் பின்னாளைய படிப்புக்கும் உறவு உண்டு என்பது உண்மை. அதே 2018-இல், 4 முதல் 6 வயது வரையிலான 36 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், குழந்தை கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளே மூளையின் மொழிப் பகுதியின் செயல்பாட்டோடு நெருக்கமாகத் தொடர்பு கொண்டிருந்தன. குடும்ப வருமானத்தின் தாக்கத்தை விலக்கிப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஆகவே படகு கரையேறும் நேரத்தில், "வஞ்சிரத்தை ஏன் தனியா வெச்சிருக்காங்க?" என்று மகளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் யோசித்துப் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். நம்மில் பலர் கேள்வியையும் கேட்டு, பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம்.

தமிழ்க் குழந்தைக்கென்று தனியாக ஒரு தடை இருக்கிறது. அதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. நான் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி "போய்விட்டார்கள்" என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பிழையில்லாமல் படித்து முடித்துவிட்டு, "அப்படின்னா என்ன டீச்சர்?" என்று கேட்டாள். "போயிட்டாங்க" என்று சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. எழுத்து அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல் மட்டும் அதுவரை அவள் காதில் விழுந்ததே இல்லை.

நம் எழுத்துமுறையும் காதை நம்பித்தான் இருக்கிறது. "கடல்", "பகல்", "தங்கம்" ஆகிய மூன்றிலும் எழுத்து ககரம்தான். ஒலியோ மூன்று விதம். எந்த இடத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை, சொல்லை முன்பே கேட்டறிந்த குழந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும். கேட்டிராத குழந்தை தடுமாறும். எனவே எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, நாளுக்குப் பத்து நிமிடம் எழுத்துத் தமிழை அவள் காதில் விழச் செய்வதுதான். அங்கன்வாடியில் கேட்டால் ஒரு படக்கதைப் புத்தகம் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டால் நாளிதழின் சிறுவர் பக்கம் போதும். எழுதியிருப்பதை எழுதியபடியே வாசித்து, உடனே உங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே கதையை இருபது முறை கேட்டாலும் சலிக்காமல் வாசியுங்கள். அந்த இருபதாவது முறையில்தான் அடுத்த சொல்லை அவளே முந்திக்கொண்டு சொல்வாள்.

இன்னொன்று, ஒலி விளையாட்டு. இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் ஆகியோர் சுமார் 400 குழந்தைகளை நான்கு, ஐந்து வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து 1983-இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த ஒலிகளைப் பிரித்தறிந்த குழந்தைகள் பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக் கூட்டலிலும் மேம்பட்டிருந்தார்கள். எதுகையும் மோனையும் நம் தாலாட்டிலும் விடுகதையிலும் நிறைந்து கிடக்கின்றன. வலை, அலை, மலை என்று நீங்கள் தொடங்கினால் அடுத்ததை அவள் சொல்லட்டும். அது பொருளில்லாத சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. புத்தகமில்லாத உங்கள் வீட்டைச் சுற்றி எழுத்தும் இல்லாமல் இல்லை: படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர், சுவரில் தொங்கும் நாள்காட்டி, பேருந்தின் முகப்பில் இருக்கும் ஊர்ப்பெயர் ஆகியவற்றை விரலால் தொட்டும் சுட்டியும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு நாலரை வயது, ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறான். வீட்டிலும் ஆங்கிலமே பேசுமாறு பள்ளியில் சொல்கிறார்கள். என் ஆங்கிலம் அவ்வளவு நன்றாக வராது. நான் பேசாமல் ஒதுங்கியிருப்பதுதான் நல்லதா?
– ஒரு தாத்தா, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தயவுசெய்து ஒதுங்காதீர்கள், ஐயா. வராத மொழியில் பேச முற்படும் பெரியவரின் பேச்சு "வா", "சாப்பிடு", "தூங்கு" என்ற ஏவல்களாகச் சுருங்கிவிடும். ஏன் மழை வந்தது, அப்புறம் என்ன ஆயிற்று, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்ற நீண்ட பேச்சு உங்களுக்கு வருகிற தமிழில்தான் நடக்கும். கதையின் போக்கைப் பிடித்துக்கொள்வது, காரணத்தைக் கோத்துச் சொல்வது, சொல்லை ஒலிகளாகப் பிரித்தறிவது ஆகிய திறன்களைத் தமிழில் பெற்ற குழந்தை அவற்றை ஆங்கில வாசிப்புக்கும் எடுத்துச் செல்கிறது. உங்கள் ஊரில் 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. வாரம் ஒரு முறை அவனை அங்கே அழைத்துச் செல்லுங்கள். புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: மூன்றரை வயது மகன் தினமும் ஒரு பக்கம் "அ" எழுத வேண்டும் என்கிறார்கள். பென்சிலைக் கண்டாலே அழுகிறான்.
– ஒரு தந்தை, பண்ருட்டி

பதில்: அந்த வயதில் மணிக்கட்டின் எலும்புகளே இன்னும் முழுமையாக உருவாகியிருக்காது, விரல் தசைகளும் அப்படித்தான். வீட்டில் அந்தப் பக்கத்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதை ஆசிரியரிடமும் பணிவாகத் தெரிவித்துவிடுங்கள். மாவு பிசையட்டும், மணலில் விரலால் கிறுக்கட்டும், அம்மா வைக்கும் கோலப் புள்ளிகளை இணைக்கட்டும். கிறுக்கிவிட்டு "இது என் பேரு" என்று அவன் காட்டினால், அதை உண்மையான எழுத்தாகவே மதித்து, "எங்கே, படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள்.