சர்வர் கேள்வி-பதில்: முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கேள்வி: நான்கு ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 5-ஆக (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் போகாதபடி பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) வைத்து டேட்டாபேஸ் சர்வர் ஓட்டுகிறோம். சில நாட்களாக எழுதும் வேகம் படுத்துவிட்டது. டிஸ்க்குகளில் கோளாறு எதுவும் இல்லை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கன்ட்ரோலர் கார்டின் மெனுவில் நாங்கள் வைத்த ரைட் பேக் அப்படியே இருக்கிறது. ஆனால் நடப்பு நிலை ரைட் த்ரூ என்று காட்டுகிறது. 'ஆல்வேஸ் ரைட் பேக்' என்ற தேர்வைப் போட்டுவிடலாமா? யு.பி.எஸ். இருக்கிறது.

பதில்: போடாதீர்கள். கன்ட்ரோலர் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. ரைட் பேக் முறையில், தகவல் கன்ட்ரோலரின் கேஷ் நினைவகத்துக்கு வந்ததுமே 'எழுதியாயிற்று' என்று ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பதில் போய்விடும். டிஸ்க்கில் எழுதுவது அதற்குப் பிறகுதான். இடையில் கரன்ட் போனால் கேஷில் இருப்பதைக் காப்பது பேட்டரி. அது செத்தாலோ சார்ஜ் இறங்கினாலோ கன்ட்ரோலர் தானாகவே ரைட் த்ரூவுக்கு, அதாவது டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும் முறைக்கு, மாறிவிடும். கேஷ் மறைத்து வைத்திருந்த ரெய்டு 5-இன் சுமை அப்போதுதான் வெளியே தெரியும்: சிறிய பதிவு ஒன்றுக்குக்கூடப் பழைய தகவலையும் பழைய பேரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் தகவலை மீட்க உதவும் கணக்கு) படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஆக, நான்கு வேலை.

'ஆல்வேஸ்' என்று போட்டால் பேட்டரி இல்லாமலே கேஷை நம்பச் சொல்கிறீர்கள். யு.பி.எஸ். வெளியே கரன்ட் போவதற்குத்தான் உதவும். சர்வரின் பவர் சப்ளை எரிந்தாலோ யாராவது கேபிளைப் பிடுங்கினாலோ உதவாது. அப்படி நடந்தால், எழுதிவிட்டதாக டேட்டாபேஸ் நம்பிய பதிவுகள் டிஸ்க்கில் இருக்காது. டேட்டாபேஸின் தேடல் பட்டியலான இன்டெக்ஸ் ஒரு கதை சொல்லும், டேபிள் வேறு கதை சொல்லும்.

கன்ட்ரோலர் மென்பொருளில் பேட்டரிப் பக்கத்தைத் திறங்கள். சார்ஜ் ஆகிறது என்றோ, 'லேர்ன் சைக்கிள்' (பேட்டரியின் திறனைச் சோதிக்க சார்ஜை இறக்கி ஏற்றுவது) என்றோ இருந்தால் சில மணி நேரம் பொறுத்தால் போதும். பேட்டரி பழுது என்றால் மாற்றியே ஆக வேண்டும். பேக்கப் எடுங்கள். சர்வரை முறையாக ஷட் டவுன் செய்யுங்கள். அப்போதுதான் கேஷில் மிச்சமிருப்பது டிஸ்க்கில் இறங்கும். பவர் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதே கன்ட்ரோலர் மாடலுக்கு உரிய பேட்டரியைப் பொருத்துங்கள். சார்ஜ் ஏறியதும் ரைட் பேக் தானே திரும்பிவிடும்.

அதே மெனுவில் 'டிஸ்க் கேஷ்' என்பதையும் பாருங்கள். அது டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் தனி கேஷ். கன்ட்ரோலர் பேட்டரி அதைக் காக்காது. உங்கள் ஹார்டு டிஸ்க்குகளுக்கு அதை அணைத்து வையுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரிப் சைஸை (தகவலைப் பிரித்து ஒவ்வொரு டிஸ்க்கிலும் வைக்கும் துண்டின் அளவு) 64 கேபியிலிருந்து 256 ஆக்கினால் வேகம் கூடுமா?

பதில்: பெரிய வீடியோ, பேக்கப் கோப்புகளுக்குக் கூடலாம். சிறு பதிவுகள் நிறைந்த டேட்டாபேஸுக்குப் பெரிதாக எதுவும் நடக்காது. பல கன்ட்ரோலர்களில் இதை மாற்ற விர்ச்சுவல் டிஸ்க்கை (எல்லா டிஸ்க்கும் சேர்ந்து ஒரே டிஸ்க்காகத் தெரிவது) அழித்துத்தான் புதிதாக உருவாக்க வேண்டும். ஓடுகிற சர்வரில் அந்த வேலை வேண்டாம்.

கேள்வி: கன்ட்ரோலர் கார்டை மாற்றியதும் எல்லா டிஸ்க்கும் 'ஃபாரின்' என்று வருகிறது. கிளியர் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. ரெய்டு அமைப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது; புதிய கார்டு அதைத் தனக்கு அந்நியமானது என்கிறது, அவ்வளவுதான். கிளியர் கொடுத்தால் அந்த விவரம் அழிந்துவிடும். 'பிரிவ்யூ' பார்த்து, எல்லா டிஸ்க்கும் ஒரே அமைப்பில் வரிசையாக வருகிறதா என்று உறுதிசெய்துகொண்டு 'இம்போர்ட்' கொடுங்கள். 'இனிஷியலைஸ் செய்யவா' (தகவலை அழித்துப் புதிதாகத் தொடங்கவா) என்று எங்கே கேட்டாலும் மறுத்துவிடுங்கள். கார்டு மாற்றுவதற்கு முன்பே ரெய்டிலிருந்து விழுந்துவிட்ட டிஸ்க் ஏதாவது இருந்தால் இம்போர்ட்டுக்கு முன் அதை வெளியே எடுத்துவிடுங்கள்; அதில் இருப்பது பழைய தகவல். அதை வற்புறுத்தி ஆன்லைன் ஆக்கினால் பழையதும் புதியதும் கலந்து கோப்புகள் பாழாகும். அந்த இடத்தில் புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்டு ஆக (மற்ற டிஸ்க்குகளிலிருந்து தகவல் அதில் மறுபடி எழுதப்பட) விடுங்கள்.