நோய் தரும் பூஞ்சைகளுக்குத் தனியாக ஒரு மரபணு பாக நூலகம் எதற்கு?

கேள்வி இதுதான்: பேக்கரி ஈஸ்ட்டுக்குப் பொதுவான மரபணு பாகத் தொகுப்பு, அதாவது வேண்டியபடி கோத்துக்கொள்ளக்கூடிய டிஎன்ஏ துண்டுகளின் நூலகம், 2015 முதலே இருக்கிறது, அதையே நோய் தரும் பூஞ்சைகளுக்கும் எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொண்டால் பல பாகங்கள் வேலை செய்யாது. நோய் தரும் பூஞ்சையான கேண்டிடா அல்பிகன்ஸ், சியூஜி என்ற கோடானை (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து மரபணுச் சொல்) லூசின் என்று படிக்காமல் பெரும்பாலும் செரின் என்று படிக்கும், அதனால் வேறு உயிரியிலிருந்து வரும் ஒளிரும் புரத மரபணுவைக்கூட அந்த இடங்களையெல்லாம் திருத்தி எழுதித்தான் உள்ளே விட வேண்டும். பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் டிஎன்ஏ வளையம்) அதில் நிலையாகத் தங்காது, குரோமோசோமிலேயே சேர்க்கணும். கிரிப்டோகாக்கஸ் என்ற இன்னொரு நோய்ப் பூஞ்சை வேறு ரகம், அதில் பல மரபணுக்கள் சரியாக வெளிப்பட இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து, புரதம் உருவாகுமுன் வெட்டி நீக்கப்படும் பகுதி) வேண்டும்.

சரி, ஒவ்வொரு லேபும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளட்டுமே என்பார்கள். இங்கேதான் எனக்கு ஆதங்கம். நேரம் வீணாவதை விடுங்கள், முடிவுகளையே ஒப்பிட முடியாமல் போகிறது. யுஆர்ஏ3 என்ற மரபணுவின் கதை இதற்கு நல்ல சாட்சி. கேண்டிடாவில் ஒரு மரபணுவை நீக்க, முதலில் யுஆர்ஏ3 இல்லாத ஸ்ட்ரெயினை (அதே பூஞ்சையின் ஒரு வகையை) எடுத்து, நீக்கிய இடத்தில் யுஆர்ஏ3-ஐ மார்க்கராக, அதாவது மாற்றம் நடந்த செல்களைப் பிரித்தெடுக்கும் அடையாளமாக, வைப்பார்கள். ஆனால் அது குரோமோசோமில் எங்கே உட்காருகிறது என்பதைப் பொறுத்து வெளிப்படும் அளவு மாறும், அளவு குறைந்தால் எலியில் நோய் உண்டாக்கும் திறனும் குறையும். விளைவு, நீக்கிய மரபணுதான் நோய்க்குக் காரணம் என்று நினைத்த சில முடிவுகளில் உண்மையான காரணம் மார்க்கர் இருந்த இடம்! பிறகு யுஆர்ஏ3-ஐ எல்லா ஸ்ட்ரெயினிலும் ஒரே இடத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டி வந்தது.

எல்லோரும் குரோமோசோமின் ஒரே இடத்தில், அளந்து சொல்லப்பட்ட அதே புரொமோட்டரோடு (மரபணு எவ்வளவு வெளிப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதி) வேலை செய்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி வந்தே இருக்காது.

பாகங்களைக் கோக்கும் முறை இப்போது கடினமில்லை. பிஎஸ்ஏ1 போன்ற நொதிகள் டிஎன்ஏவில் தாம் அடையாளம் காணும் வரிசைக்கு வெளியே வெட்டி நான்கு எழுத்து நுனியை விடும், அந்த நுனிகளை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டால் புரொமோட்டர், மரபணு, டெர்மினேட்டர் (மரபணு வாசிப்பை முடிக்கும் பகுதி) எல்லாம் ஒரே குழாயில் வரிசை தவறாமல் சேரும். கடினமானது அளவீடுதான். ஒவ்வொரு புரொமோட்டரும் 30 டிகிரியில் எவ்வளவு, உடல் வெப்பமான 37-இல் எவ்வளவு, இழையாக வளரும்போது எவ்வளவு என்று யாராவது பொறுமையாக அளந்து, வேலை செய்யாதவற்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். அதற்கு நிதி கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு இது புரிவதே இல்லை.

அப்புறம் பாதுகாப்பு. நோயாளிகளுக்குக் கொடுக்கும் பூஞ்சை மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுவை மார்க்கராக நூலகத்தில் வைக்கக் கூடாது. மனித சிகிச்சையில் பயன்படாத நூர்சியோத்ரிசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கின்றன, அவை போதும். யார் கேட்டாலும் அனுப்பாமல், உரிய பாதுகாப்பு வசதியும் அனுமதியும் உள்ள லேப்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் முன்னுரிமைப் பட்டியலில் கேண்டிடா ஆரிஸ் உச்சப் பிரிவில் இருக்கிறது. 2009-இல்தான் அது முதலில் விவரிக்கப்பட்டது. என்னைக் கேட்டால் நூலக வேலையில் முதல் இடம் அதற்குத்தான்.