ஓ3 போட்டதும் பபிள் சார்ட் ஏன் மெதுவாகிறது?

வாசகி ஒருவரின் கேள்வி: "எண்களை வரிசைப்படுத்தும் பபிள் சார்ட்டையும் இன்சர்ஷன் சார்ட்டையும் சி மொழியில் எழுதி, ஜிசிசி கம்பைலரில் வேகத்தை ஒப்பிட்டேன். பபிள் சார்ட் ஓ2-வை விட ஓ3-ல் அதிக நேரம் எடுக்கிறது. என் கோடில் பிழையா? எந்த லெவலில் அளப்பது சரி?"

உங்கள் கோடில் பிழை இல்லை. ஓ0, ஓ2, ஓ3 என்பவை கோடை எவ்வளவு வேகப்படுத்தப் பார்க்க வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் லெவல்கள். ஓ3 என்றாலே கூடுதல் வேகம் என்று நம்பிவிடுகிறோம், அது எப்போதும் நடப்பதில்லை.

பபிள் சார்ட்டில் அடுத்தடுத்த இரண்டு எண்களை ஒப்பிட்டு, தேவைப்பட்டால் இடம் மாற்றுகிறோம். ஒவ்வொன்றும் 4 பைட். ஓ3-ல் ஜிசிசி இந்த இரண்டையும் சேர்த்து 8 பைட்டாக ஒரே மூச்சில் படித்து, ஒரே மூச்சில் எழுதிவிடப் பார்க்கும். இதுவும் ஒருவகை வெக்டரைசேஷன்தான், அதாவது பல மதிப்புகளை ஒரே கட்டளையில் கையாள்வது. கட்டளைகள் குறையும், உண்மைதான். ஆனால் அடுத்த சுற்றில் ஓர் இடம் தள்ளி மறுபடி 8 பைட் படிக்க வேண்டுமே! அதில் முதல் பாதி இப்போதுதான் எழுதியது, இன்னும் பிராசஸரின் ஸ்டோர் பஃபரில் (எழுதியவை தற்காலிகமாகத் தங்கும் இடத்தில்) கிடக்கிறது. மறுபாதி கேஷில், அதாவது பிராசஸரின் வேகமான மெமரியில், இருக்கிறது. கேட்டது முழுவதும் ஒரே தடவையில் எழுதப்பட்டு பஃபரில் இருந்தால் பிராசஸர் அங்கிருந்தே கொடுத்துவிடும். பாதி இங்கே, பாதி அங்கே என்றால் எழுதியது கேஷுக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். இதை ஸ்டோர் ஃபார்வர்டிங் ஸ்டால் என்பார்கள். ஒவ்வொரு முறையும் பத்து சைக்கிளுக்கு (பிராசஸர் கடிகாரத் துடிப்புக்கு) மேல் போய்விடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்று எழுதியதையே எதிர்பார்த்து நிற்பதால், இந்தத் தாமதத்தை வேறு வேலையில் மறைக்கவும் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? கம்பைல் செய்யும்போது, இந்த வெக்டரைசேஷனை நிறுத்தும் '-எஃப்நோ-ட்ரீ-எஸ்எல்பி-வெக்டரைஸ்' (-fno-tree-slp-vectorize) என்ற ஃபிளாக்கைச் சேர்த்துப் பாருங்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: இரண்டில் பெரிய எண்ணை ஒரு லோக்கல் வேரியபிளில் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சிறியதை மட்டும் அர்ரேயில் எழுதுங்கள், கடைசியில் கையில் மிஞ்சுவதை இறுதி இடத்தில் எழுதிவிடுங்கள். எழுதியதை உடனே திரும்பப் படிக்கும் தேவையே போய்விடும். இன்சர்ஷன் சார்ட்டில் செருக வேண்டிய எண்ணை நாம் இப்படித்தான் தனியே பிடித்து வைக்கிறோம்.

அளப்பதற்கு ஓ0 வேண்டவே வேண்டாம். அங்கே ஒவ்வொரு வேரியபிளும் மெமரிக்குப் போய்வரும், அல்காரிதத்தின் உண்மையான வேகம் தெரியாது. இரண்டு சார்ட்டையும் ஓ2, ஓ3 இரண்டிலும் ஓட்டி, ஜிசிசி வெர்ஷனையும் முடிவோடு குறித்து வையுங்கள். 12-ம் வெர்ஷனிலிருந்து ஓ2-விலேயே ஓரளவு வெக்டரைசேஷன் நடக்கிறது. அப்புறம், சார்ட் செய்த அர்ரேயிலிருந்து ஏதாவது ஒரு மதிப்பையாவது பிரின்ட் செய்யுங்கள். விடையை யாரும் பயன்படுத்தவில்லை என்று கண்டால் கம்பைலர் அந்த வேலையையே நீக்கிவிடலாம்.