உள்ளூர் வானொலி ஒரு ஊருக்கு என்ன செய்கிறது?

எல்லார் கையிலும் கைபேசி இருக்கும்போது உள்ளூர் வானொலி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4 எஃப்எம்மைப் பாருங்கள். மீனவர்களுக்காகவே நடக்கும் சமுதாய வானொலி அது. காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் அவர்கள் பேச்சிலேயே வரும். கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க அது உதவும். மன்னார் வளைகுடாவின் கடல்வளத்தைக் காப்பது பற்றியும் பேசுகிறார்கள். மைக் முன்னால் உட்கார்வதும் அந்தப் பகுதி ஆட்களே என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் ஒலிபரப்புத் திறன் வரைதான் அனுமதி. 10-15 கிலோமீட்டர் எட்டும், சுற்றுவட்டார ஊர்களுக்கு அது போதும். அப்புறம், செய்தி என்றால் ஆகாசவாணியுடையதை மட்டுமே ஒலிபரப்பலாம். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும்; ஊர்ச் செய்தியை ஊர்க்காரர்களே சொல்லட்டும்.