சாஃப்ட் ஸ்டார்ட் போர்டில் ரெசிஸ்டர் திரும்பத் திரும்பக் கருகுகிறது, ஏன்?

உங்கள் பிரச்சினையை நான் புரிந்துகொண்டது இதுதான்: 500 விஏ டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஸ்டீரியோ ஆம்ப். மெதுவாக வைத்தால் மணிக்கணக்கில் பாடுகிறது. சத்தத்தை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்து, சாஃப்ட் ஸ்டார்ட் போர்டில் (ஆன் செய்யும் கணத்தில் பாயும் பெரிய கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன போர்டு) இருக்கும் 47 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டர் போய்விடுகிறது. இரண்டு முறை மாற்றியும் அதே கதை.

ஆன் செய்து ஓரிரு விநாடியில் உள்ளே ரிலே (காயிலில் கரண்ட் ஓடினால் மூடும் சுவிட்ச்) 'டிக்' என்கிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. கேட்காது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த ரெசிஸ்டருக்கு மொத்த வேலையே இரண்டு விநாடிதான். ஆன் செய்யும் கணத்தில் டொராய்டு கோர் சாச்சுரேட் ஆகும் (காந்தம் அதற்கு மேல் ஏறாத நிலை), காலியாக இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் போலவே நடந்துகொள்ளும். இரண்டும் சேர்ந்து பத்துக்கணக்கான ஆம்பியரை ஒரே இழுப்பில் இழுக்கும். 47 ஓம் குறுக்கே நின்றால், 230 வோல்ட் லைனின் உச்சமான 325 வோல்ட்டிலும் 7 ஆம்பியரைத் தாண்டாது. அப்புறம் ரிலே மூடி ரெசிஸ்டரைச் சுற்றிக் கரண்டை அனுப்பிவிடும். அதனால்தான் 10 வாட் ரெசிஸ்டரே போதும் என்று வைக்கிறார்கள்.

ரிலே மூடாவிட்டால் ரெசிஸ்டர் நிரந்தர டியூட்டி பார்க்கிறது. பாட்டு இல்லாமல் ஆம்ப் 40 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 0.17 ஆம்பியர், ரெசிஸ்டரில் ஒன்றரை வாட் கூட இல்லை. ரெசிஸ்டர் வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். சத்தம் ஏற்றி லைனில் 1 ஆம்பியர் ஓடினால் 47 வாட். பத்து வாட் ரெசிஸ்டர் எத்தனை நிமிடம் தாங்கும்?

நண்பர் ஒருவரின் ஆம்ப் இதே புகாரோடு என்னிடம் வந்தது. அதற்கு முன் பார்த்த மெக்கானிக் ரெசிஸ்டரின் இரண்டு முனையையும் ஒயரால் சேர்த்து 'டைரக்ட்' செய்துவிட்டார். பாடியது. ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் வீட்டு விளக்கு கண் சிமிட்டியது, ஃபியூஸ் போனது. பெரிய ஃபியூஸ் போட்டார்! தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

அந்த ஆம்பில் நான் ரிலேவைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கழற்றி வெளியே 24 வோல்ட் கொடுத்தால் 'டிக்' என்று சுத்தமாக மூடுகிறது. ஓரிரு விநாடி கழித்து ரிலேவை இயக்கும் டிலே டிரான்சிஸ்டரும் நன்றாக இருந்தது. ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. கடைசியில் போர்டை ஓடவிட்டு ரிலே காயிலின் இரண்டு முனையில் மீட்டரை வைத்தால் 14 வோல்ட். 24 வோல்ட் ரிலே இழுக்க சாதாரணமாக 18, 19 வோல்ட்டாவது வேண்டும்.

அந்தப் போர்டில் ரிலேவுக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. மெயின்ஸிலிருந்து நேராக ஒரு மஞ்சள் பெட்டி எக்ஸ்2 கெப்பாசிட்டர் (மெயின்ஸில் நேராகப் போடும் பாதுகாப்பு வகை) வழியாகத்தான் கரண்ட் வருகிறது. மேலே 0.33 மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தால் 0.14. நல்ல நிலையில் 21 மில்லி ஆம்பியர் தர வேண்டியது 9 தந்துகொண்டிருந்தது. காயிலுக்கே 15 வேண்டும். லைனில் சர்ஜ் வரும்போது இந்த வகை கெப்பாசிட்டரின் ஃபிலிமில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும், சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகித் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். ஷார்ட் ஆகாமல் தப்பிக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. வெளியே பார்த்தால் உப்பல், கருகல் ஒன்றும் தெரியாது. புதிதாக ஒன்று போட்டதும் ரிலே பேசியது.

நீங்கள் செய்ய வேண்டியது: பிளக்கை உருவி, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை 100 ஓம் ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள், ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்கவிட வேண்டாம். எக்ஸ்2 முனைகளையும் அப்படியே தொட்டு இறக்குங்கள். பிறகு 47 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே ஓம்ஸ் பாருங்கள். 47 வந்தால் ரெசிஸ்டர் நலம். எல்லையில்லாமல் காட்டினால் போய்விட்டது. பூஜ்யம் காட்டினால் ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அது வேறு நோய். அதன்பின் எக்ஸ்2வைக் கழற்றி அளந்து பாருங்கள். மாற்றும்போது 275 வோல்ட் ஏசி எக்ஸ்2 என்றே கேட்டு வாங்குங்கள். 400 வோல்ட் டிசி பாலியெஸ்டர் சரிவராது.

உங்கள் போர்டும் இப்படி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகை என்றால் ஒன்று முக்கியம்: அதன் 'கிரவுண்ட்' உண்மையில் லைவ். ஓடும்போது கை வைக்காதீர்கள், ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் மாட்டாதீர்கள்.

சீரிஸ் பல்ப் போட்டு (கரண்டைக் கட்டுப்படுத்த மெயின்ஸ் லைனில் தொடராக ஒரு பல்ப் சேர்த்து) சோதிப்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. பல்பில் வோல்ட்டேஜ் விழுவதால் நல்ல ரிலேவும் இழுக்காமல் இருக்கலாம். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால், அதற்குப் பின்னால் ஷார்ட் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ரிலேவைப் பற்றிய தீர்ப்பை முழு மெயின்ஸில்தான் சொல்ல முடியும். அளந்து என்ன வருகிறது என்று கீழே எழுதுங்கள், காயில் வோல்ட்டேஜையும் சேர்த்து.